தெர்மோஸ்டாட்டை எந்தச் சுவரில் பொருத்துவது?

கனடா போன்ற குளிர்நாடுகளில் வீட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், தன்னைச் சுற்றியுள்ள காற்றை மட்டுமே அறியும். வெயில் படும் சுவரில் இருந்தால், வீடே சூடாகிவிட்டதென்று ஹீட்டரை நிறுத்திவிடும். படுக்கையறையில் குழந்தைகள் நடுங்குவார்கள். அடுப்பு, டிவி, வெப்பக்காற்று வரும் துவாரம் ஆகியவற்றின் அருகிலும் இதே தொல்லைதான். வாசற்கதவருகே வைத்தாலோ ஹீட்டர் ஓயாமல் ஓடும்.

எப்போதும் ஆள் புழங்கும் அறையின் உட்சுவரில், தரையிலிருந்து சுமார் 5 அடி உயரத்தில் பொருத்துங்கள். கருவிக்குப் பின்னால் வயர் வரும் ஓட்டையைப் பலரும் கவனிப்பதே இல்லை. சுவருக்குள் இருக்கும் குளிர்காற்று அதன் வழியே கசிந்து கருவியை ஏமாற்றிவிடும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கருவியைக் கழற்றி, அந்த ஓட்டையைப் புட்டியால் (putty எனும் ஓட்டை அடைக்கும் பசையால்) அடைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான், தள்ளிப்போடாதீர்கள்.