முதலாம் தரத்துப் பெற்றோரைச் சின்னக் கதிரையில் உட்கார வைப்பது எப்படி

தோட்டப் பாடசாலையில் முதலாம் தரம் உங்கள் கையில் வந்துவிட்டதா? ஜனவரி, பெப்ரவரியில் பிள்ளைகள் அழுது ஓய்ந்து, கொஞ்சம் சிரிக்கத் தொடங்கும் நேரத்தில் அதிபர் கேட்பார்: "பெற்றோர் கூட்டம் எப்ப டீச்சர்?" அந்தக் கூட்டத்தை எப்படி நடத்துவது என்று, தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பல வருடமாக ஒண்ணாம் ஆண்டு மட்டுமே படிப்பிக்கும் நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில், எப்படி நடத்தக் கூடாது என்பது.

பத்தனைக் கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து வந்த புதிதில், என் முதல் கூட்டத்துக்காக மூன்று பிரிஸ்டல் போர்டில் கலைத்திட்டத்தைக் கலர் கலராக எழுதித் தொங்கவிட்டேன். அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள், முதன்மை நிலை ஒன்று, கணிப்பீடு என்று ஒரு மணித்தியாலம் பேசினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். பின்னாலிருந்து ஓர் அப்பாயி எழுந்து, "டீச்சர், தேர்ச்சின்னா பாஸ்தானே? எம் பேத்தி பாஸாயிருச்சா?" என்றார். சிரிக்க முடியவில்லை. அவர் கேட்டது சரியான தமிழ். பிழையான தமிழ் பேசியது நான்தான். ஊரில் தேர்ச்சி என்றால் பாஸ். அதற்குத் திறமை என்று வேறு அர்த்தம் கொடுத்து வைத்திருப்பது நம் வழிகாட்டி நூல்கள். அன்றிலிருந்து அந்தச் சொல்லைக் கூட்டத்தில் எடுப்பதில்லை. "பிள்ளைக்கு இது செய்ய வருகிறது, இது இன்னும் வரவில்லை" என்று சொன்னால் போதும், அப்பாயிக்கும் புரியும், நமக்கும் புரியும்.

இனி நாளும் நேரமும். கூட்டம் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். வலயக் கல்வி அலுவலகத்துக்கு வசதியான நாள், அதிபருக்கு வசதியான நாள் என்று பார்த்து வைத்தால், கொழுந்தெடுக்கிற அம்மாவுக்கு அது அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும், விழுகிற நாளாகிவிடும். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. நாட்சம்பளத்தில் பாதியைத் தொலைத்துவிட்டு வந்து நம் பேச்சைக் கேட்கச் சொல்வது நியாயமில்லை. நான் செய்வது இது: தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரைப் பார்த்து, அவர் மூலம் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் பேசி, மத்தியானக் கொழுந்து நிறுத்த கையோடு என் வகுப்புத் தாய்மாரை விடச் சொல்வேன். இருபத்திரண்டு பிள்ளைகள்தான், பெரிய இழப்பு ஒன்றும் வராது என்று தலைவரே எடுத்துச் சொல்வார். பேர் முழுசாக விழும் என்று உறுதி கிடைத்த பிறகுதான் திகதி குறிப்பேன். சம்பள நாளும் முற்பண நாளும் வேண்டாம். அன்றைக்கு எல்லாரும் டவுனில் நிற்பார்கள். மாரியம்மன் திருவிழா வாரமும் வேண்டாம். மே மாதத்துக்குத் தள்ளிப்போடவே வேண்டாம். எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை தகரக் கூரையில் கொட்டத் தொடங்கினால், பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது.

கடிதம் அனுப்புவது கட்டாயம் என்றால் அனுப்புங்கள். ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லா லயத்துக்கும், வரிசை வீடு அத்தனைக்கும், போய்விடும். அம்மாமார் மலைக்குப் போனால் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பிரா ஆயாவிடமும் சொல்லி வையுங்கள். அம்மா கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்கிற பிள்ளைகள் என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஐந்தாறு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு அம்மாயியும் அப்பாயியும்தான் பெற்றோர். ஆகவே "பெற்றோர் கட்டாயம் வர வேண்டும்" என்று சொல்லாமல், "பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் யாரோ அவர் வாங்க" என்று சொல்லி அனுப்புங்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: காசு கேட்க மாட்டோம். பள்ளிக்கூடக் கூட்டம் என்றாலே பெயின்ட் அடிக்க, விளையாட்டுப் போட்டிக்கு, யாருடையதோ பிரியாவிடைக்கு என்று கைநீட்டிக் கைநீட்டி நாமே சனங்களை விரட்டி வைத்திருக்கிறோம். சொன்ன பிறகு அதைக் காப்பாற்றவும் வேண்டும். ஒரு முறை நான் அப்படிச் சொல்லிக் கூட்டிவந்த கூட்டத்தில், அப்போதிருந்த அதிபர் எழுந்து தண்ணீர்த் தாங்கிக்கு இருநூறு ரூபாய் கேட்டுவிட்டார். அடுத்த தவணைக் கூட்டத்துக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள்.

வரவுக்குக் கையெழுத்துக் கொப்பி நீட்டாதீர்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் வாசலிலேயே கூனிப்போவார். சிலர் அந்தக் கொப்பிக்குப் பயந்தே வர மாட்டார்கள். நான் பெரிய தாளில் தேயிலைச் செடி ஒன்றின் தண்டையும் கிளைகளையும் வரைந்து வைப்பேன். பச்சை வர்ணத்தில் பெருவிரலைத் தோய்த்து எல்லாரும் ஓர் இலை வைக்க வேண்டும். முதல் இலை அதிபருடையது, இரண்டாவது என்னுடையது. அதிபரே கைநாட்டு வைத்த பிறகு யாருக்கு என்ன கூச்சம்? எந்த இலை யாருடையது என்று பக்கத்தில் சின்னதாகப் பிள்ளையின் பெயரை நான் எழுதிக்கொள்வேன். வலயத்திலிருந்து வருகிறவர்களுக்கு அதுவே ஆவணம்.

பெயர் எழுதும் அந்த நேரத்தில் இன்னொரு வேலையையும் முடித்துவிடலாம். வீட்டில் பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், லயத்தில் ஒரு பெயர். போன வருடம் இரண்டு கிழமை ஒரு பையன் இடாப்புப் பெயருக்கு வாயே திறக்கவில்லை. காதில் கோளாறோ என்று பயந்துபோனேன். கூட்டத்தில் அவன் அம்மாயி, "குட்டின்னு கூப்பிடுங்க டீச்சர், ஓடியாந்துருவான்" என்றார். அது உண்மைதான்.

வந்தவர்களை எங்கே உட்கார வைப்பது? மண்டபத்தில் வாங்கு போட்டு, முன்னால் மேசை விரிப்பு, பூச்சாடி எல்லாம் வைத்து நடத்துவது ஊர்க் கூட்டத்துக்குச் சரி. வகுப்பறையைக் காட்டத்தானே கூப்பிட்டீர்கள்? வகுப்பறையிலேயே, அவரவர் பிள்ளையின் சின்னக் கதிரையில் உட்காரச் சொல்லுங்கள். முழங்கால் நாடியில் இடிக்கும், சிரிப்பு வரும், வரட்டும். 11.30க்கு விட்ட பிள்ளைகளும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்திருப்பார்கள். அம்மாவின் பக்கத்தில் நிற்கட்டும். இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் மலையிலிருந்து நேரே வந்தவர்களுக்கு முதலில் ஒரு கோப்பை சாயத்தண்ணி கொடுங்கள். அப்பாமார் வாசலில்தான் நிற்பார்கள். பேசிக் கூப்பிட்டால் உள்ளே வர மாட்டார்கள். சுத்தியலும் நாலு ஆணியும் கொடுத்து, "வாசிப்பு மூலையில் இந்தப் பலகையை அடிச்சுத் தாங்க" என்று கேளுங்கள். வருவார்கள், அடித்த பிறகும் உள்ளேயே நிற்பார்கள்.

இனிப் பாடம். விளக்காதீர்கள், செய்ய வையுங்கள். கலைத்திட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஐந்து நிமிடம்தான். தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று பாடங்கள். ஆங்கிலம் இந்த வயதில் பெரும்பாலும் வாயால் பேசிப் பழகுவதுதான். 1999இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்திலிருந்து விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று மூன்று வழியாகப் படிப்பிக்கிறோம். முதல் இரண்டு வருடம் விளையாட்டுக்குத்தான் அதிக இடம், மேலே போகப் போக எழுத்து வேலை கூடும். இவ்வளவு போதும். ஏனென்றால் "விளையாட்டு" என்று சொன்ன உடனே ஒரு முகமாவது சுருங்கும். "வெளையாடவா பள்ளிக்கொடம் அனுப்புறோம்? அதத்தான் லயத்துல செய்யுதே!"

இதற்கு வாயால் பதில் கிடையாது. சோடா மூடி, தேயிலைக் கொட்டை, தீக்குச்சி ஆகியவற்றைக் கலந்து ஒவ்வொரு மேசையிலும் ஒரு குவியல் கொட்டுங்கள். "தரம் பிரிங்க" என்று மட்டும் சொல்லுங்கள். எப்படி என்று சொல்லாதீர்கள். ஒருவர் நிறத்தால் பிரிப்பார், ஒருவர் பொருளால், ஒருவர் அளவால். பிள்ளைகளிடம் காரணம் கேட்பதுபோல அவர்களிடமும் ஏன் அப்படிப் பிரித்தீர்கள் என்று கேளுங்கள். கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது, எண்ணுவது அதற்குப் பிறகுதான் என்பது அப்போது தானாக விளங்கும்.

"எனக்குக் கணக்கெல்லாம் தெரியாதுங்க டீச்சர்" என்று ஓர் அம்மா கட்டாயம் சொல்வார். அவரை விடாதீர்கள். ஒரு வருடம் அப்படிச் சொன்ன ஒரு தாயிடம் நான் கேட்டேன்: "காலையில எத்தன கிலோ?" ஆறு. "மத்தியானம்?" ஏழு. "பதினெட்டு எடுக்கணும்னா இன்னும் எத்தன?" நான் மனதில் ஐந்து என்று வைத்திருந்தேன். அவர் யோசிக்கவே இல்லை. "ஏழு எடுக்கணும் டீச்சர். சாக்குக்கும் தண்ணிக்கும்னு ரெண்டு கழிச்சிருவாங்கல்ல." வகுப்பே சிரித்தது. பிழை விட்டது நான். அவருடைய மகள் பக்கத்தில் நின்று அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். "இந்தக் கணக்கைத்தான் வீட்டில் பிள்ளைக்குக் கேட்கும்படி சத்தமாகப் போடுங்கள்" என்றேன். வேறு வீட்டுப்பாடம் எதுவும் நான் கொடுக்கவில்லை.

வகுப்புக் கடையையும் காட்டுங்கள். சன்லைட் உறை, பால்மா பெட்டி, மாரி பிஸ்கட் பக்கற்று ஆகியவற்றை அடுக்கி, அட்டையில் வெட்டிய காசு வைத்திருப்போமே, அதுதான். பிள்ளைகள் விளையாடிக் காட்டட்டும். ஆனால் எச்சரிக்கை: பிள்ளை வீட்டில் பார்த்ததை அப்படியே செய்யும். என் கடையில் ஒரு பெண் பிள்ளை காசே எடுக்காமல் இரண்டு சோப்பைத் தூக்கிக்கொண்டு, "எழுதிக்கங்க அண்ணே, சம்பளத்துக்குத் தாறேன்" என்றாள். கடைக்காரப் பையனும் கொப்பியை எடுத்து ஏதோ கிறுக்கினான். சிரித்தவர்களும் உண்டு, தலை குனிந்தவர்களும் உண்டு. நான் அவசரப்பட்டு, "அப்படி இல்லம்மா, காசு கொடுத்து வாங்கணும்" என்று திருத்தப் போனேன். அது தேவையில்லாத வேலை. அந்தப் பையன் கிறுக்கியதைக் காட்டி, "பாருங்கள், எழுத்து எதற்கு என்று இவனுக்குத் தெரிந்துவிட்டது" என்று சொல்லியிருக்க வேண்டும். இப்போது அப்படித்தான் சொல்கிறேன்.

எழுத்து விஷயத்தில் கொஞ்சம் சண்டை வரும். நாற்பது நாளாகியும் கொப்பியில் ஆனா ஆவன்னா இல்லையே என்பார்கள். கரும்பலகையில் அ என்று எழுதி, உங்கள் கை எத்தனை இடத்தில் வளைகிறது என்று காற்றில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ட. ஒரு கோடு கீழே, ஒரு கோடு பக்கத்தில், முடிந்தது. நான் ட, ப, ம என்றுதான் தொடங்குவேன். மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் கையில் இருந்தால் படம், பட்டம், மடம் என்று பிள்ளை வாசிக்கத் தொடங்கிவிடும். அ முதல் வரிசையாகப் போனால் ஒரு சொல்லை வாசிக்க எத்தனை நாள் ஆகும் என்று அவர்களே கணக்குப் பார்க்கட்டும். கையைப் பிடித்து எழுத வைக்காதீர்கள், அடித்து எழுத வைக்கவே வைக்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பஸ் போர்டில் ஹட்டன், தலவாக்கலை என்று இருப்பதைக் காட்டி, "ட எங்க இருக்கு?" என்று கேட்கச் சொல்லுங்கள். அதுவே ஒரு நாள் வீட்டுப்பாடம்.

கடைசியில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை பற்றி யாராவது கேட்காமல் விட மாட்டார்கள். டியூசனுக்கு இப்போதே விடலாமா என்பார்கள். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். நீட்டினால் மிச்ச நேரம் முழுவதையும் அது தின்றுவிடும்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போக வேண்டாம். அவர்கள் மலைக்குத் திரும்ப வேண்டும்.

வராதவர்கள் இருப்பார்கள். அடுத்த நாள் பிள்ளையிடம் "ஏன் அம்மா வரல்ல?" என்று வகுப்பில் கேட்காதீர்கள். சாயங்காலம் கடைசிக் கொழுந்து நிறுத்து, தண்ணீர் எடுத்து, அடுப்பு பற்றவைத்து முடிகிற நேரம் பார்த்து லயத்துக்குப் போங்கள். இடாப்பு, படிவம், பேனா எதுவும் கையில் வேண்டாம். கணக்கெடுக்க வந்ததாக நினைத்துக் கதவோரத்திலேயே பேசி அனுப்பிவிடுவார்கள். நான் அந்தப் பிள்ளை களிமண்ணில் செய்ததை ஒரு தாளில் சுற்றி எடுத்துப் போவேன். ஒரு முறை அது கொழுந்துக்கூடை. வால் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அது என்ன என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கையில் வாங்கிப் பார்த்த அம்மா, "இது தலையில மாட்டுற கயிறு டீச்சர்" என்று சொல்லிவிட்டு, வாசலை விட்டு விலகி என்னை உள்ளே கூப்பிட்டார்.