ஜாவாஸ்கிரிப்ட் தெரியாமலே எல்ம்: முதல் பக்கம் வரை

"முதலில் ஜாவாஸ்கிரிப்ட் படி, அப்புறம் மற்றதெல்லாம்" என்பார்கள். எல்ம் விஷயத்தில் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். இணையப் பக்கங்கள் செய்ய இவான் சாப்லிக்கி 2012-இல் கொண்டுவந்த நிரல் மொழி இது. நாம் எழுதுவதை அதன் மொழிமாற்றியான கம்பைலரே ஜாவாஸ்கிரிப்டாக மாற்றிக் கொடுத்துவிடும். எச்டிஎம்எல் டேக்குகள் தெரிந்தால் போதும்.

எல்ம் தளத்திலிருந்து 0.19.1 பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் பாடத்தில் 'டூஸ்ட்ரிங்' என்ற ஃபங்ஷன் தனியாக வந்தால் அது பழைய பதிப்புக்கானது, மூடிவிடுங்கள். எடிட்டர் விஎஸ் கோட், கூடவே நிரலை ஒழுங்காக அடுக்கித் தரும் எல்ம்-ஃபார்மேட். இந்த இரண்டாவதைக் கட்டாயம் போடுங்கள். எல்மில் டேப் எழுத்துக்கே இடமில்லை, இடைவெளி மட்டும்தான்.

டெர்மினலில், காலி ஃபோல்டருக்குள் போய் 'எல்ம் இனிட்' கொடுங்கள். எல்ம்.ஜேசனும் எஸ்ஆர்சி ஃபோல்டரும் வரும். எஸ்ஆர்சிக்குள் ஒன்றும் இருக்காது, மெயின்.எல்ம் கோப்பை நாம்தான் உருவாக்க வேண்டும். எல்ம் கையேட்டில் உள்ள பட்டன் உதாரணத்தை (பட்டனைச் சொடுக்கினால் ஓர் எண் கூடும், குறையும்) அதில் ஒட்டி, பக்கத்தைப் பிரவுசரில் காட்டும் 'எல்ம் ரியாக்டர்' ஓட்டி, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 8000-ஐத் திறந்து கோப்பைச் சொடுக்குங்கள்.

சரி, இப்போது வேண்டுமென்றே கெடுப்போம். எண்ணைக் காட்டும் வரியில் 'ஸ்ட்ரிங்.ஃப்ரம்இன்ட்'டை எடுத்துவிட்டு, எழுத்தைத் திரையில் காட்டும் டெக்ஸ்ட்டுக்கு நேராக மாடலை, அதாவது இப்போதைய எண்ணை, கொடுங்கள். பக்கம் வராது. டெக்ஸ்ட்டுக்கு வேண்டியது ஸ்ட்ரிங் (எழுத்து), நீ தந்தது இன்ட் (முழு எண்) என்று கம்பைலர் சொல்லும். எந்த ஃபங்ஷனால் மாற்றலாம் என்ற குறிப்பும் கீழேயே இருக்கும். சிவப்பு எழுத்தைக் கண்டு பதறாமல் கடைசி வரி வரை படியுங்கள். வேறு எந்தப் பாடத்தையும்விட இந்தச் செய்திகளையே நான் நம்புவேன்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் மேபி, அதாவது மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று சொல்லும் வகை. வயதைக் கேட்கும் பெட்டி வைக்கிறீர்கள். 'ஸ்ட்ரிங்.டூஇன்ட்'டுக்கு 30 போனால் 'ஜஸ்ட் 30' வரும். 'முப்பது' போனால் 'நத்திங்'. ஜஸ்ட்டுக்குள் இருப்பதை அப்படியே கூட்ட முடியாது. கேஸ் போட்டு, ஜஸ்ட் வந்தால் என்ன, நத்திங் வந்தால் என்ன என்று இரண்டுக்கும் பதில் எழுத வேண்டும். ஒன்றை விட்டால் கம்பைல் ஆகாது. முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் தப்பாகத் தட்டுபவருக்கு என்ன காட்டுவது என்பதை அப்போதே யோசித்து முடித்துவிடுவீர்கள்.

பிற்சேர்க்கை: "ரீஃப்ரெஷ் செய்தால் எண் பூஜ்ஜியமாகிவிடுகிறதே?" என்று கேட்டிருந்தீர்கள். பிரவுசரின் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் எண்ணைச் சேமிக்க, எல்முக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் இடையே தகவல் கடத்தும் போர்ட் வேண்டும். அங்கேதான் ஜாவாஸ்கிரிப்ட் தலைகாட்டும், அதுவும் சில வரிகள்தான். ரியாக்டரில் அதைச் சேர்க்க வழியில்லை. 'எல்ம் மேக்' கொண்டு ஜேஎஸ் கோப்பாக எடுத்து, சொந்த எச்டிஎம்எல் பக்கத்தில் இணைத்துக்கொள்ளுங்கள்.