கென்ட்டுக்கு புதுசா வந்திருக்கீங்களா? புள்ளைங்கள கூட்டிட்டு எங்க போலாம்னு ஒரு கைடு

வீடு புடிச்சாச்சு, ஜிபிகிட்ட (ஏரியா டாக்டர்) ரிஜிஸ்டர் பண்ணியாச்சு, ஸ்கூல்ல இடமும் கிடைச்சாச்சு, அடுத்து வர்ற கேள்வி சனிக்கிழமை எங்க போறதுன்னுதான். நம்மாளுங்க பாதி பேர் கில்லிங்ஹாம்லயும் ஆஷ்ஃபோர்ட்லயும் குடியிருந்துட்டு எல்லா வீக்கெண்டும் லண்டனுக்கு ட்ரெயின் ஏறுறாங்க, இல்லன்னா ஈஸ்ட் ஹாம் போய் மளிகை வாங்கி தோசை சாப்ட்டு திரும்பிடுறாங்க. தப்பில்ல, ஆனா நீங்க இருக்கிற கவுன்ட்டிலதான் இங்கிலாந்து சரித்திரத்துல பாதி கிடக்குது, அதுவும் ஒரு மணி நேர டிரைவ்ல.

மொதல்ல காசு மேட்டர். இங்க இருக்கிற கோட்டை, மாளிகை, தோட்டம் எல்லாம் ஒரே ஆளோட கையில இல்ல. டோவர் கோட்டை, வால்மர், டீல், ரிச்பரோ, லல்லிங்ஸ்டோன் ரோமன் வில்லா இதெல்லாம் இங்கிலீஷ் ஹெரிடேஜ்ங்கிற அமைப்போடது. சார்ட்வெல், நோல், ஐட்டம் மோட், சிஸ்ஸிங்ஹர்ஸ்ட், டோவர் வெள்ளைப் பாறை இதெல்லாம் நேஷனல் டிரஸ்ட்ங்கிற இன்னொரு அமைப்போடது. லீட்ஸ் கோட்டை, ஹீவர் கோட்டை, சாத்தம் டாக்யார்ட், கேன்டர்பரி கதீட்ரல் இதெல்லாம் தனித்தனி, இந்த ரெண்டு அமைப்போட மெம்பர்ஷிப் கார்டும் அங்க செல்லாது. இது தெரியாம ஏதோ ஒரு மெம்பர்ஷிப்ப எடுத்துட்டு கேட்ல போய் நிக்கிறவங்க நெறைய பேர். என்னைக் கேட்டா சின்ன புள்ளைங்க இருந்தா மொத வருஷம் இங்கிலீஷ் ஹெரிடேஜ் எடுங்க, ஏன்னா மெம்பர் கூட வர்ற உங்க வீட்டுப் புள்ளைங்க ஆறு பேர் வரைக்கும் ஃப்ரீ, அதோட ஸ்டோன்ஹெஞ்சும் அதே கார்டுல வந்துடும். கவுன்ட்டர்ல கிஃப்ட் எய்டு போடலாமான்னு கேப்பாங்க, நீங்க இங்க இன்கம் டாக்ஸ் கட்டுறவங்களா இருந்தா சரின்னு சொல்லலாம், நீங்க குடுக்கிற ஒவ்வொரு பவுண்டுக்கும் அவங்களுக்கு அரசாங்கத்துகிட்ட இருந்து 25 பென்ஸ் கூடுதலா போகும். ஆனா சில இடத்துல கிஃப்ட் எய்டு டிக்கெட்டுன்னா வெலையே கொஞ்சம் கூட இருக்கும், பாத்துட்டு சொல்லுங்க.

ஊர்ல இருந்து அம்மா அப்பா ரெண்டு மாசம் வந்து இருக்கிறாங்கன்னா அவங்களுக்கு இங்கிலீஷ் ஹெரிடேஜோட ஓவர்சீஸ் விசிட்டர் பாஸ் இருக்கு, 9 நாளுக்கு ஒண்ணு, 16 நாளுக்கு ஒண்ணு. ரெண்டு மூணு எடம் பாக்கப் போறீங்கன்னா கணக்கு போட்டு பாருங்க.

சரி, மொத எடம் டோவர் கோட்டை. இதுக்கு ஒரு முழு நாள் வேணும், "காலைல டோவர் மத்தியானம் கேன்டர்பரி"ன்னு பிளான் போடாதீங்க, ரெண்டும் கெட்டுடும். நடுவுல நிக்கிற பெரிய டவர் ரெண்டாம் ஹென்றி ராஜா 1180கள்ல கட்டினது, உள்ள ராஜாவோட படுக்கை, சமையல்கட்டு எல்லாம் அந்தக் காலத்து மாதிரியே செட் பண்ணி வச்சிருக்காங்க, கலரெல்லாம் பளீர்னு இருக்கும், புள்ளைங்க ஓடி ஓடி பாக்கும். ஆனா படி செங்குத்தா வளைஞ்சு வளைஞ்சு போகும், குழந்தை தள்ளுவண்டி (பக்கி) எல்லாம் ஏத்த முடியாது, கைக்குழந்தைன்னா கேரியர்ல கட்டிக்கிட்டு போங்க. பாறைக்கு உள்ள குடைஞ்ச சுரங்கம்தான் எனக்கு ரொம்ப புடிச்சது. 1940 மே கடைசில ஃப்ரான்ஸ்ல டன்கர்க் கடற்கரைல மாட்டிக்கிட்ட நேச நாட்டுப் படைய கப்பல்ல கொண்டு வந்தாங்களே, அந்த ஆப்பரேஷன் டைனமோவ அட்மிரல் ராம்சே இந்த சுரங்கத்துக்குள்ள உக்காந்துதான் நடத்தினாரு, 45 ஆயிரம் பேர் வந்தா பெரிசுன்னு ஆரம்பிச்சது ஜூன் 4 வரைக்கும் 3 லட்சத்து 38 ஆயிரம் பேர்ல முடிஞ்சுது. லீவு நாள்ல இதுக்கு க்யூ நிக்கும், அதனால உள்ள போனதும் மொதல்ல சுரங்கம், அப்புறம் டவர். அந்த மேட்டுல ரோமானியர் கட்டின கலங்கரை விளக்கம் ஒண்ணு சர்ச்சுக்கு பக்கத்துலயே பாதி உயரத்துல நிக்குது, பல பேர் அது என்னன்னு தெரியாமயே தாண்டி போயிடுறாங்க.

பக்கத்துல இருக்கிற வெள்ளைப் பாறை நடை இன்னொரு நாளைக்கு வச்சுக்கோங்க. சவுத் ஃபோர்லாண்ட் கலங்கரை விளக்கம் வரைக்கும் நடக்கலாம், வானம் தெளிவா இருந்தா எதிர்ல ஃப்ரான்ஸ் தெரியும். இங்க ஒரு வேடிக்கை, உங்க போன் ஃப்ரெஞ்சு நெட்வொர்க்க புடிச்சுக்கிட்டு டைம ஒரு மணி நேரம் தள்ளி காட்டும், ரோமிங் ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா பில்லு வரும். விளிம்புல நின்னு போட்டோ எடுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், அது சுண்ணாம்புப் பாறை, சொல்லாம கொள்ளாம சரியும்.

மெட்வே பக்கம் இருக்கிறவங்களுக்கு ரோச்செஸ்டர் வாசல்லயே இருக்கு. கோட்டையச் சுத்தி இருக்கிற புல்வெளிக்கு டிக்கெட் கிடையாது. இந்தக் கோட்டையோட கதைய புள்ளைங்களுக்கு சொல்லிட்டு கூட்டிட்டு போங்க: 1215ல ஜான் ராஜா இத முற்றுகை போட்டு, ஒரு மூலைக்கு கீழ சுரங்கம் தோண்டி, மரத்தூண் முட்டு குடுத்து, சாப்பாட்டுக்கு லாயக்கில்லாத கொழுத்த பன்னி 40 அனுப்புங்கன்னு கடிதாசி எழுதி வரவச்சு அந்தக் கொழுப்புல தூண்களை எரிச்சாரு, மூலை அப்படியே சரிஞ்சு விழுந்துச்சு. அப்புறமா அந்த மூலைய வட்டமா கட்டினாங்க, மத்த மூணும் சதுரம். கீழ நின்னு எந்த மூலைடா அதுன்னு கேளுங்க, கண்டுபுடிச்சுடுவாங்க. பக்கத்துலயே 604ல ஆரம்பிச்ச கதீட்ரல். அங்கிருந்து கொஞ்ச தூரத்துல சாத்தம் டாக்யார்ட், கடற்படைத் தளபதி நெல்சனோட விக்டரி கப்பல் கட்டின எடம். ஓசிலட் நீர்மூழ்கிக்குள்ள ஏறி இறங்கலாம், ஒரு ஆள் குனிஞ்சு வட்ட ஓட்டை வழியா காலை விட்டு போற அளவுக்குதான் வழி, முட்டி வலி உள்ள பெரியவங்க வெளியவே நில்லுங்க. கயிறு திரிக்கிற ஷெட் கால் மைல் நீளம், இன்னைக்கும் கயிறு திரிக்கிறாங்க.

கேன்டர்பரிக்கு செயின்ட் பேங்க்ரஸ்ல இருந்து ஹைஸ்பீடு ட்ரெயின் ஒரு மணி நேரம்தான், ஆனா ஆய்ஸ்டர் கார்டு அங்க செல்லாது. குடும்பமா போனா ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரெயில்கார்டு எடுங்க, பெரியவங்களுக்கு மூணுல ஒரு பங்கு, 5 முதல் 15 வயசு புள்ளைங்களுக்கு 60 சதவீதம் குறையும். கதீட்ரல்ல 1170 டிசம்பர் 29 அன்னைக்கு பேராயர் தாமஸ் பெக்கட்ட ராஜாவோட வீரர்கள் வெட்டிக் கொன்னாங்க. அவரோட சமாதிய எட்டாம் ஹென்றி 1538ல இடிச்சுட்டாரு, அது இருந்த எடத்துல இப்ப தரைல ஒத்தை மெழுகுவத்தி எரியுது, அவ்ளோதான். அங்க ஏறுற கல்படிய பாருங்க, முட்டி போட்டு ஏறின யாத்திரீகர்களால நடுவுல குழி விழுந்து தேஞ்சு கிடக்கும், நம்ம கோயில் வாசப்படி மாதிரியே. இது ஆங்கிலிக்கன் சபையோட தாய்க்கோயில், அதனால சிஎஸ்ஐ குடும்பங்களுக்கு தாய் வீடு மாதிரி தோணும், ஆனா ஞாயித்துக்கிழமை காலைல ஆராதனை நடக்கும், சுத்திப் பாக்க மத்தியானம் போங்க.

வால்மர் கோட்டை சின்னதுதான், தோட்டம் அழகு. வெலிங்டன் பிரபு 1852ல செத்துப்போன நாற்காலியும் அவரோட பூட்ஸும் அங்க இருக்கு. 1799ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்புவ முடிச்ச படைல இருந்தாரே, அதே ஆளுதான். சார்ட்வெல் சர்ச்சில் வீடு, வீட்டுக்குள்ள போக டைம் போட்ட டிக்கெட், ஜாக்னு ஒரு ஆரஞ்சு பூனை எப்பவும் இருக்கணும்னு குடும்பமே கேட்டுக்கிட்டதால இன்னமும் வளக்குறாங்க. வங்காளப் பஞ்சம் ஞாபகம் இருக்கிறவங்களுக்கு அந்த வீட்டுக்குள்ள நிக்கிறது கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருக்கும், தோட்டத்துல நடந்துட்டு வந்துடலாம். லீட்ஸ் கோட்டை பேரப் பாத்துட்டு வடக்க லீட்ஸ் சிட்டிக்கு சாட்நாவ் போட்டுடாதீங்க, இது மெய்ட்ஸ்டோன் பக்கம். ஒரு வருஷ டிக்கெட் வாங்கினா மட்டும்தான் காசுக்கு தகும், உள்ள இருக்கிற மேஸ்ங்கிற செடி வேலி புதிர்ப்பாதை முடிவுல ஒரு குகை வழியா வெளிய வரலாம்.

கடல்னா மார்கேட்ல மணல், விட்ஸ்டபிள்ல கூழாங்கல். பாட்டனி பே போறதுக்கு முன்னாடி டைட் டைம் பாருங்க, தண்ணி ஏறினா கரை ரொம்ப சுருங்கிடும்.

சாப்பாடு கட்டிட்டு போங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. புளியோதரையும் உருளைக்கிழங்கு ரோஸ்ட்டும் போதும். கஃபேல சைவம்னா ஜாக்கெட் பொட்டேட்டோ, ஸ்கோன் அதோட முடிஞ்சுடும். டோவர்ல பேப்பர் தட்டு காத்துல பறக்கும், டப்பால போட்டு சாப்பிடுங்க. கிரேவ்ஸென்ட் வழியா திரும்பினா அங்க இருக்கிற பெரிய குருத்வாராவுல தலைய மூடிக்கிட்டு போனா யாருக்கும் சுடச்சுட லங்கர் (இலவச பொதுச் சாப்பாடு) உண்டு.

நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் பல எடம் வார நாள்ல தொறக்காது, சாயங்காலம் நாலு மணிக்கே மூடிடுவாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி வெப்சைட் பாருங்க. டோவர் துறைமுகத்துல பிரச்சனைன்னா எம்20 ரோட்டுல லாரிய நிறுத்தி ஒரு பக்கமா விடுவாங்க, அன்னைக்கு ட்ரெயின்லயே போங்க. எசெக்ஸ் பக்கம் இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுக்கு டார்ட்ஃபோர்ட்ல தேம்ஸ் ஆத்த தாண்டி போனா அங்க டோல் கேட் கிடையாது, காலை 6ல இருந்து ராத்திரி 10க்குள்ள தாண்டியிருந்தா மறுநாள் நள்ளிரவுக்குள்ள ஆன்லைன்ல டார்ட் சார்ஜ் கட்டிடுங்க, இல்லன்னா ஃபைன் லெட்டர் வீட்டுக்கே வரும்.