நேர்த் தையல் தெரிந்தால் போதும்: தலையணை உறை, சுருக்குப் பை, சூடு பிடிக்கும் துணி

தையல் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் பலரும் எடுத்த எடுப்பில் சட்டை தைக்க உட்கார்ந்து, கழுத்து வளைவிலும் கை பொருத்துவதிலும் மாட்டிக்கொண்டு, "இது நமக்கு வராது" என்று மிஷினை மூடி வைத்துவிடுகிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கும். உடம்புக்குத் தைப்பது வேறு, வீட்டுக்குத் தைப்பது வேறு. உடம்பில் நேர்க்கோடு எங்கேயும் கிடையாது, அதனால்தான் துணியை வளைத்து வெட்டி, சுருக்கு வைத்து, டார்ட் (உடம்பு வளைவுக்காகத் துணியைக் கூம்பாக மடித்துத் தைப்பது) பிடித்து என்று இத்தனை பாடு. தலையணைக்கும் பைக்கும் அந்தத் தொல்லையே இல்லை. எல்லாம் சதுரம் அல்லது செவ்வகம். நேராக வெட்டி நேராகத் தைக்கத் தெரிந்தால் இன்றைக்கே ஒரு பொருள் கையில் இருக்கும்.

இந்தப் பதிவில் மூன்று பொருட்கள்: தலையணை உறை, சுருக்குப் பை, அப்புறம் சூடான பாத்திரத்தைப் பிடிக்க உதவும் துணி. ஜிப் கிடையாது, பட்டன் கிடையாது. மிஷின் இல்லாதவர்கள் கையாலேயே தைக்கலாம், நேரம் மட்டும் கூடுதலாகும்.

முதலில் துணி

ஆரம்பத்தில் பருத்தித் துணி மட்டும் எடுங்கள். ரொம்ப மெல்லிசாகவும் வேண்டாம், ரொம்பக் கெட்டியாகவும் வேண்டாம், படுக்கை விரிப்பு எந்தக் கனத்தில் இருக்குமோ அந்தக் கனம் சரியாக இருக்கும். சாட்டினும் ஜார்ஜெட்டும் வழுக்கும், டிஷர்ட் துணி இழுபடும், இவை எல்லாம் கை பழகின பிறகு. நான் யார் கேட்டாலும் பழைய படுக்கை விரிப்பில் ஆரம்பிக்கத்தான் சொல்வேன். பல முறை துவைத்திருப்பதால் இனி சுருங்குவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் மிச்சம் இருக்காது, தப்பாக வெட்டிவிட்டாலும் மனசு வலிக்காது.

புதுத் துணி என்றால் வெட்டுவதற்கு முன் கட்டாயம் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். நான் தைத்த முதல் தலையணை உறை அளவெடுத்த மாதிரி அவ்வளவு கச்சிதமாக இருந்தது. முதல் துவைப்புக்குப் பிறகு தலையணையை உள்ளே திணிக்கவே முடியவில்லை. துவைக்காத பருத்தி, ஒரு மீட்டருக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் சுருங்குவது சாதாரணம், தைத்து முடித்த பிறகு அதற்கு வைத்தியம் கிடையாது.

அப்புறம் நூல் போகும் திசை. நெய்த துணியில் கரைக்கு இணையாக ஓடுவது பாவு நூல், குறுக்கே ஓடுவது ஊடை. துணியை இரண்டு கையாலும் பிடித்து கரை ஓடும் திசையில் இழுத்துப் பாருங்கள், அசைந்து கொடுக்காது. குறுக்கே இழுத்தால் கொஞ்சம் தரும். மூலைவாட்டில் இழுத்தால் நன்றாகவே நீளும். செவ்வகத்தை அப்படி மூலைவாட்டில் வெட்டிவிட்டால் எவ்வளவு நேராகத் தைத்தாலும் கோணிக்கொண்டுதான் நிற்கும். சாதாரண பருத்தியில் நேர் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு கொடுத்துவிட்டு கையால் கிழித்துவிடுங்கள். நூல் போகும் வழியிலேயே கிழியும், அதைவிட நேரான கோடு எந்த ஸ்கேலும் போட்டுத் தராது.

மற்றபடி வேண்டியவை: இஞ்ச் டேப், துணிக்கென்றே வைத்திருக்கும் கத்தரி (அதில் காகிதம் வெட்டினால் கூர் போய்விடும்), சாக், குண்டூசி, இஸ்திரிப் பெட்டி. இஸ்திரிப் பெட்டியைக் கூடுதல் வசதி என்று நினைக்காதீர்கள், தையலில் பாதி வேலை அதுதான். மடிப்பை முதலில் இஸ்திரியால் அழுத்திவிட்டுத் தைத்தால், புதிதாகக் கற்பவர் தைத்ததும் பழகியவர் தைத்ததுபோல இருக்கும்.

மிஷினில் உட்கார்ந்ததும்

படுக்கை விரிப்புக் கனத்துக்கு 14-ஆம் நம்பர் ஊசி போடுங்கள். பாக்கெட்டில் 90/14 என்று இருக்கும், 90 என்றால் ஊசியின் தடிமன் 0.9 மில்லிமீட்டர். மெல்லிய துணிக்கு 11, ஜீன்ஸ் துணிக்கு 16. தையல் நீளம் 2.5-இல் இருக்கட்டும்.

முதல் பழக்கம் துணியில் வேண்டாம், காகிதத்தில். நூலே கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றை வைத்து, கோட்டின் மேலேயே ஊசி ஓட்டை போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஓட்டுங்கள். நான்கைந்து தாள் ஓட்டினால் காலுக்கும் கைக்கும் ஒரு பேச்சுவார்த்தை வந்துவிடும். காகிதம் ஊசியை மழுக்கிவிடும் என்பதால், பழைய ஊசியில் இதைச் செய்துவிட்டுத் துணிக்குப் புது ஊசி மாற்றுங்கள். தைக்கும்போது பலர் ஊசியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அப்படிப் பார்த்தால் தையல் பாம்பு மாதிரி வளையும். ஊசிக்குக் கீழே இருக்கும் மிஷின் தட்டில், ஊசியிலிருந்து அரை இன்ச் தள்ளி ஒரு டேப் ஒட்டி, துணியின் ஓரம் அந்த டேப்பை உரசிக்கொண்டே போகிறதா என்று மட்டும் பாருங்கள். துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள், கீழே இருக்கும் பல் தானாகவே தள்ளிக்கொடுக்கும்.

ஆரம்பிக்கிற பலரை அழவைப்பது ஒரே ஒரு விஷயம்: மேலே தையல் நன்றாகத் தெரியும், திருப்பிப் பார்த்தால் அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி சிக்கிக் கிடக்கும். அடியில் சிக்குவதால் எல்லோரும் அடி நூல் சுற்றிய பாபினைத்தான் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் தப்பு மேல் நூலில். துணியை அழுத்தும் காலைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால், உள்ளே நூலை இறுக்கிப் பிடிக்கும் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றின் நடுவே இறங்காமல் மேலேயே நின்றுவிடும். காலைத் தூக்கி, மேல் நூலை முழுசாக உருவி, முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். தைக்க ஆரம்பிக்கும்போது இரண்டு நூல் நுனியையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொள்வதும் உதவும்.

தலையணை உறை

உறை ஒரே துண்டுதான், பின்பக்கம் கடித உறை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூடிக்கொள்ளும். 16 இன்ச் சதுரக் குஷனுக்குக் கணக்கு சொல்கிறேன், கணக்கு புரிந்துவிட்டால் எந்த அளவுக்கும் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

அகலம்: 16 இன்ச், இரண்டு பக்கமும் தையலுக்கு அரை அரை இன்ச், ஆக 17. நீளம்: முன்பக்கத்துக்கு 16, பின்பக்கத்துக்கு 16, ஒன்றின் மேல் ஒன்று ஏற 5, இரண்டு முனையிலும் மடித்துத் தைக்க ஒரு இன்ச் வீதம் 2. ஆக 39. இந்த 17-க்கு 39 துண்டை வெட்டிக்கொள்ளுங்கள்.

குட்டையான இரண்டு முனைகளையும் முதலில் முடிக்க வேண்டும். துணியின் உள்பக்கம் மேலே தெரியும்படி விரித்து, முனையை அரை இன்ச் மடித்து இஸ்திரி போடுங்கள், அதை இன்னொரு அரை இன்ச் மடித்து மறுபடி இஸ்திரி. பிசிர் முழுவதும் உள்ளே போய்விடும். மடிப்பின் உள் ஓரத்தை ஒட்டித் தைத்துவிடுங்கள். இப்போது நீளம் 37 இன்ச்.

அடுத்துதான் குழப்பம் வரும் இடம், நிதானமாகச் செய்யுங்கள். துணியின் நல்ல பக்கம் மேலே தெரியும்படி மேஜையில் விரிக்கவும். தைத்த முனையிலிருந்து பத்தரை இன்ச் அளந்து சாக்கால் ஒரு புள்ளி வையுங்கள், மறுமுனையிலிருந்தும் அப்படியே. நடுவில் சரியாக 16 இன்ச் மிஞ்சும். முதலில் ஒரு முனையைப் புள்ளியில் மடித்து நடுவை நோக்கிக் கொண்டுவாருங்கள், அப்புறம் மறுமுனையை அதன் மேல் மடியுங்கள். இப்போது துணியின் நல்ல பக்கம் முழுவதும் உள்ளே ஒளிந்திருக்கும், நடுவில் 5 இன்ச் ஏறி நிற்கும். திருப்பும்போது முதலில் மடித்த முனைதான் வெளியே தெரியும், அதனால் இரண்டில் எது அழகாகத் தைத்திருக்கிறதோ அதை முதலில் மடியுங்கள்.

திறந்திருக்கும் இரண்டு பக்கங்களிலும் குண்டூசி குத்தி, ஓரத்திலிருந்து அரை இன்ச் தள்ளி நேராகத் தையுங்கள். ஆரம்பத்திலும் முடிவிலும் மூன்று நான்கு தையல் முன்னும் பின்னும் போய் வர வேண்டும், இல்லாவிட்டால் நுனியிலிருந்து பிரிந்துவிடும். துணி ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற இடத்தில், வாய் இருக்கும் அந்தப் பகுதியில், இன்னொரு முறை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஒவ்வொரு முறை குஷனை எடுக்கும்போதும் போடும்போதும் இழுவை முழுவதும் அங்கேதான் விழும். குண்டூசி ஊசிக்குப் பக்கத்தில் வருவதற்குள் உருவிவிடுங்கள், அதன் மேல் ஊசி இறங்கினால் ஒடிந்து தெறிக்கும்.

மிஷினில் ஜிக்ஜாக் இருந்தால் பிசிரின் மேல் ஒரு முறை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் தையலுக்கு வெளியே கால் இன்ச் தள்ளி இன்னொரு நேர்த்தையல். நான்கு மூலைகளிலும் தையலைத் தொடாமல் முக்கோணமாக வெட்டிவிட்டு உறையைத் திருப்புங்கள். மூலையைக் கூராக்க கத்தரி முனையை விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டையாகிவிடும். மை தீர்ந்த பேனாவின் மொட்டை முனை போதும்.

இன்னொரு விஷயம். குஷன் பழையதாகித் தளர்ந்திருந்தால் கணக்கில் 16-க்குப் பதில் 15 என்று போட்டுப் பாருங்கள். உறை கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்தான் குஷன் புசுபுசுவென்று நிற்கும்.

சுருக்குப் பை

சார்ஜர் வயர், சாக்ஸ், பயணத்தில் செருப்பு, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று இந்தப் பைக்கு வீட்டில் வேலை தீராது. துணி 11-க்கு 29 இன்ச், ஒரே துண்டு. நல்ல பக்கம் உள்ளே வரும்படி, 29 இன்ச் நீளம் பாதியாகும்படி மடியுங்கள், அடிப்பாகம் மடிப்பாகவே வந்துவிடும், அங்கே தைக்க வேண்டியதில்லை. படம் போட்ட துணியில் மட்டும் பின்பக்கம் படம் தலைகீழாகும், அது பிடிக்காவிட்டால் இரண்டு துண்டாக வெட்டி அடியிலும் தைத்துக்கொள்ளுங்கள்.

வாய்ப் பக்கத்திலிருந்து 3 இன்ச் கீழே இரண்டு ஓரத்திலும் சாக்கால் அடையாளம். அங்கிருந்து அடிவரை, அரை இன்ச் தள்ளி, இரண்டு பக்கமும் தைக்க வேண்டும். அடையாளத்துக்கு மேலே தைக்கக் கூடாது, நாடா வெளியே வரும் வழி அதுதான். தைத்ததும் அந்த ஓரங்களைப் புத்தகம் மாதிரி இரண்டு பக்கமும் பிரித்து இஸ்திரி போடுங்கள், தைக்காத மேல் 3 இன்ச்சும் அதே கோட்டில் மடிந்துகொள்ளும். அந்தத் திறப்பைச் சுற்றி ஒரு பக்கம் இறங்கி, கீழே குறுக்கே திரும்பி, மறுபக்கம் ஏறுகிற மாதிரி தைத்துவிட்டால் கிழியாது.

இனி வாய். மேல் ஓரத்தை அரை இன்ச் மடித்து இஸ்திரி, பிறகு ஒண்ணேகால் இன்ச் மடித்து இஸ்திரி. மடிப்பின் கீழ் ஓரம் திறப்பின் அடியில் சரியாக வந்து உட்காரும். அந்தக் கீழ் ஓரத்தை ஒட்டி முன்பக்கம் ஒரு தையல், பின்பக்கம் ஒரு தையல். இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடாதீர்கள், பையின் வாயே மூடிப்போகும்.

நாடா இரண்டு, ஒவ்வொன்றும் 28 இன்ச். நுனியில் ஊக்கு மாட்டி, இடது திறப்பில் நுழைத்து, முன்பக்க மடிப்பு வழியாகப் போய், பின்பக்க மடிப்பு வழியாகத் திரும்பி, அதே இடது பக்கமாக வெளியே எடுத்து இரண்டு நுனியையும் முடிச்சுப் போடுங்கள். இரண்டாவது நாடா இதேபோல வலது பக்கத்திலிருந்து. இரண்டு பக்கமும் இழுத்தால் வாய் அப்படியே சுருங்கி மூடும், முதல் முறை அதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் தனி.

சூடு பிடிக்கும் துணி

தைக்க எளிது, ஆனால் துணி விஷயத்தில் இதில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். வெளித்துணி, உள்ளே வைக்கும் துணி எல்லாமே சுத்தப் பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர் சுமார் 250 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அடுப்பில் காலியாகக் காயும் இரும்புச் சட்டி அந்தச் சூட்டைத் தாண்டக்கூடியது, உருகினால் தோலோடு ஒட்டும். ஸ்பாஞ்சும் வேண்டாம். துணி என்னவென்று தெரியாவிட்டால் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, சிங்க் மேலே நெருப்பு காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

வெளித்துணி 9 இன்ச் சதுரம் இரண்டு, பழைய பருத்தித் துண்டிலிருந்து அதே அளவில் இரண்டு அல்லது மூன்று. துண்டுத் துணியை அடியில் அடுக்கி, அதன் மேல் வெளித்துணி ஒன்று நல்ல பக்கம் மேலே பார்க்க, அதன் மேல் மற்றது நல்ல பக்கம் கீழே பார்க்க. மாட்டுவதற்கு 5 இன்ச் நாடாவை இரண்டாக மடித்து, ஒரு மூலையில் இரண்டு வெளித்துணிகளுக்கும் நடுவே, வளைவு உள்நோக்கி இருக்கும்படி செருகுங்கள். சுற்றிலும் அரை இன்ச் தள்ளித் தைத்து, ஒரு பக்கத்தின் நடுவில் 4 இன்ச் மட்டும் திறந்து விடுங்கள். கனமாக இருப்பதால் 16-ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 3. மூலைகளை வெட்டி, திறப்பு வழியாகத் திருப்பி, திறந்த இடத்தை உள்ளே மடித்து இஸ்திரி போட்டு, சுற்றிலும் ஓரத்தை ஒட்டி ஒரு தையல் ஓட்டினால் அந்தத் திறப்பும் மூடிவிடும். கடைசியாக மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு கோடு தையுங்கள், அது இல்லாவிட்டால் துவைக்கும்போது உள்துணி ஒரு பக்கமாகச் சுருண்டுபோகும்.

கையால் தைப்பவர்கள் இதற்குச் சாதாரண நூலோட்டம் போடாமல் கெட்டித்தையல் போடுங்கள்: ஊசியை ஒரு தையல் தூரம் முன்னால் வெளியே எடுத்து, பின்னால் முடிந்த தையலின் நுனியிலேயே குத்தி, மறுபடி முன்னால் எடுக்க வேண்டும்.

இந்தத் துணி ஈரமாக இருக்கும்போது சூடான பாத்திரத்தைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். காய்ந்த துணியில் இருக்கும் காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது, அந்த இடத்தில் தண்ணீர் இருந்தால் சூடு சட்டென்று கைக்கு வந்துவிடும், ஆவியும் சுடும். அதனால் இரண்டு ஜோடி தைத்து வையுங்கள், ஒன்று கொடியில் காயும்போது இன்னொன்று அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கட்டும்.