‘கன்னிங்’ என்றால் தந்திரம் மட்டும்தானா? மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஆங்கில நூல்களை மொழிபெயர்க்கப் பழகும் சிலருடைய படிகளை அண்மையில் திருத்தினேன். ‘கன்னிங்’ வந்த இடமெல்லாம் ‘தந்திரமான’ என்று இருந்தது. பல வருடங்களுக்கு முன் நான் அடித்த அதே கூத்து. ஒற்றுப்பிழை, ஒருமை பன்மைக் குழப்பம் எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். இது அப்படிச் சரியாகாது.

இன்றைய பொருளை அன்றைய வரியில் ஏற்றுவது

‘ஆள் ரொம்ப கன்னிங்’ என்று இன்று நாம் சொன்னால் அது வசவு. ஆனால் இந்தச் சொல்லின் பிறப்பில் சூது எதுவும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘குன்னன்’ என்றால் அறிதல். ‘முடியும்’ என்ற பொருளில் இன்று வழங்கும் ‘கேன்’ அந்த வினைதான். அறிந்தவனால் முடியும், அவ்வளவுதான் கணக்கு. அதிலிருந்து கிளைத்த ‘கன்னிங்’, அறிவுடைய, கைதேர்ந்த என்ற பொருளில்தான் புழங்கியது.

1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில், யாக்கோபின் அண்ணன் ஏசா ஒரு ‘கன்னிங்’ வேட்டைக்காரன். அந்த வரியை மேற்கோள் காட்டிய ஒரு கட்டுரையில் ‘தந்திரமான வேட்டைக்காரன்’ என்று எழுதிக் கொடுத்தேன். வேட்டைக்காரனுக்குத் தந்திரம் பொருந்தித்தானே போகிறது! ஆபத்தே அங்கேதான். பொருந்தாமல் இருந்திருந்தால் கண்ணை உறுத்தியிருக்கும். அச்சாகி வந்தபின் ஒரு வாசகர் கேட்டார்: “தந்திரம் பண்ணினது தம்பி யாக்கோபு. ஏமாந்து நின்ற அண்ணனைப் போய்த் தந்திரக்காரன் என்கிறீர்களே?” ஒரே ஒரு அடைமொழியால் கதையையே தலைகீழாக்கியிருந்தேன். எபிரேய மூலத்தில் ‘வேட்டை அறிந்தவன்’ என்றே இருக்கிறது. ‘வேட்டையில் வல்லவன்’ என்று எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும். பிரதி பிரதியாகத் திருத்தச் சீட்டு ஒட்டினேன். பசை வாசனை வந்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

அதே பைபிளின் 137-ஆம் சங்கீதத்தில் வலது கை தன் ‘கன்னிங்’கை மறப்பதாக ஒரு வரி உண்டு. அது கைத்திறன். கைக்கு ஏது தந்திரம்?

16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சூதுப் பொருள் வலுக்கிறது. அப்புறம் கொஞ்ச காலம் இரண்டு பொருளும் ஒன்றாகவே நடக்கின்றன. அதனால் நூலின் ஆண்டைப் பாருங்கள், பிறகு யார் யாரைச் சொல்கிறார் என்று பாருங்கள். தமிழ் வாசகருக்கு இதில் வியப்பு இருக்கக் கூடாது. ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்னும் குறளில் சூழ்ச்சி என்பது ஆலோசனை. அதைச் சதி என்றா படிக்கிறோம்?

வேர்ப்பொருளே உண்மைப் பொருள் என்று அடம்பிடிப்பது

உடன் வேலை பார்ப்பவரை இன்று ‘கன்னிங்’ என்று புகழ்ந்து பாருங்கள், தெரியும்.

ஒலியை நம்பி உறவு சொல்வது

ஏமாற்றுக்காரனான ‘கான் மேன்’ இதற்குச் சொந்தமில்லை. அந்தக் ‘கான்’, நம்பிக்கையைக் குறிக்கும் ‘கான்ஃபிடன்ஸ்’ என்பதன் சுருக்கம். சரி, ஒலியில் ஒட்டாத ஒரு சொந்தம் சொல்லட்டுமா? ‘ஞானம்’. அந்தச் சமஸ்கிருதச் சொல்லும் ‘கன்னிங்’கும் அறிதலைக் குறிக்கும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை.

‘கன்னிங் மேன்’

தந்திரக்காரன் இல்லை. பழைய இங்கிலாந்தில் மந்திரிப்பது, மருந்து கொடுப்பது, தொலைந்த பொருளுக்குக் குறி சொல்வது எல்லாம் இவர் வேலை.

குழந்தையைச் சொல்லும்போது

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தில் ‘கன்னிங்’ குழந்தை என்றால் கொள்ளை அழகு. தொட்டிலில் கிடப்பதைச் சூதுக்காரன் ஆக்கிவிடாதீர்கள்.