நியம நிலையில் வாயுவின் கனவளவிலிருந்து திணிவைக் காணல்

வாயுவொன்றின் திணிவை அறியத் தராசு வேண்டியதில்லை. கனவளவு தெரிந்தாலே போதும். ஆனால் அக்கனவளவு எந்த வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் அளக்கப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நியம நிலையில், அதாவது 0 பாகை செல்சியசிலும் 1 வளிமண்டல அமுக்கத்திலும், இலட்சிய வாயுவின் ஒரு மூல் (பதார்த்தத்தின் அளவைக் குறிக்கும் அலகு) 22.4 லீற்றர் இடத்தை அடைக்கும். கனவளவை இவ்வெண்ணால் வகுத்தால் மூல்களின் எண்ணிக்கையும், அதனை மூலர்த் திணிவால் (ஒரு மூலின் திணிவால்) பெருக்கினால் கிராமில் திணிவும் கிடைக்கும். 1982 இல் நியம அமுக்கம் 100 கிலோபஸ்கால் எனச் சர்வதேச மட்டத்தில் மாற்றப்பட்டதால், புதிய நூல்களில் 22.7 லீற்றர் என்ற பெறுமானமும் காணப்படும். வினாவில் எது தரப்பட்டுள்ளதோ அதையே பயன்படுத்துக.

சிக்கல் தொடங்குவது ஆய்வுகூடத்திலேதான். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடிப்பாறையான சுண்ணாம்புக்கல்லில் 0.27 கிராம் துண்டொன்றை எடுத்து, மிகையான ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்துடன் தாக்கமுறவிட்டு, வெளிவரும் காபனீரொட்சைட்டை உலர்த்தி வாயுச் சிரிஞ்சினுள் சேர்த்தபோது 62 கன சென்ரிமீற்றர் கிடைத்தது எனக் கொள்வோம். யாழ்ப்பாணத்து வெயிலில் அறை வெப்பநிலை 30 பாகையாக இருக்க, 62 ஐ நேரே 22400 ஆல் (22.4 லீற்றர் கன சென்ரிமீற்றரில்) வகுத்து, காபனீரொட்சைட்டின் மூலர்த் திணிவான 44 ஆல் பெருக்குபவர் 0.12 கிராம் என்று எழுதுவார். அது ஏறத்தாழ 11 சதவீதம் கூடிய விடையாகும். அமுக்கம் 1 வளிமண்டலமாகவே இருப்பின், 62 ஐ 273 ஆல் பெருக்கி 303 ஆல் வகுத்து (இவை 0, 30 பாகைகளின் கெல்வின் பெறுமானங்கள்) 55.9 கன சென்ரிமீற்றர் எனத் திருத்திய பின்னரே 22400 ஆல் வகுக்க வேண்டும். அப்போது 0.0025 மூல் வரும். 44 ஆல் பெருக்க 0.11 கிராம் ஆகும். ஒரு மூல் காபனீரொட்சைட்டுக்கு ஒரு மூல் கல்சியம் காபனேற்று, அதாவது 100 கிராம், தாக்கமுறுவதால், அத்துண்டில் 0.25 கிராம் காபனேற்று இருந்தது, தூய்மை ஏறத்தாழ 92 சதவீதம் என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

ஒட்சிசனுக்கு 16 ஐயும் நைதரசனுக்கு 14 ஐயும் இட்டு விடையைப் பாதியாக்குவது மாணவரிடம் அடிக்கடி காணும் பிழை. இவை ஈரணு மூலக்கூறுகள் என்பதால் முறையே 32, 28 என்பனவே பொருந்தும்.

வாயுவை நீரின் மேல் சேகரித்தால் நீராவியின் அமுக்கத்தையும் கழிக்க வேண்டும். 30 பாகையில் அது ஏறத்தாழ 4.2 கிலோபஸ்கால். காபனீரொட்சைட்டோ நீரிற் கரைவதால், அதற்கு அம்முறையைத் தவிர்ப்பதே நன்று.