துருக்கி டீ: வீட்டில் போடுவதும் கடையில் கேட்டு வாங்குவதும்

துருக்கி போகிறவர்கள் காபியைத்தான் தேடிக் குடிக்கிறார்கள். அங்கே விடிந்ததிலிருந்து இரவு வரை ஓடுவது டீ. தலைக்கு அவர்கள் அளவுக்கு டீ குடிக்கும் நாடு வேறில்லை. காலை உணவின் பெயர் 'கஹ்வால்தி', அதாவது 'காபிக்கு முன்'. அதோடு குடிப்பதும் டீதான்!

முன்பு காபிக்கொட்டை, துருக்கியர் ஆட்சியில் இருந்த ஏமனிலிருந்து வந்துகொண்டிருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஏமன் கைவிட்டுப் போக, காபி எட்டாத விலைக்குப் போனது. 1924-இல் சட்டம் இயற்றி, கருங்கடல் ஓரத்து ரிஸேயில் தேயிலையை ஊன்றப் பார்த்தார்கள். 1947-இல் அங்கே முதல் ஆலை வந்தது. இப்போது குன்றெல்லாம் தேயிலை.

1. பாத்திரம். 'சாய்தான்லிக்' என்பது ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும் இரண்டு கெட்டில். கீழே வெறும் தண்ணீர், மேலே டிகாக்‌ஷன். இல்லாவிட்டால், கெட்டிலின் வாய்மேல் ஆடாமல் நிற்கும் சின்னப் பாத்திரம் போதும்.

2. இலை. நாலைந்து பேருக்கு ஐந்து டீஸ்பூன். ரிஸே தேயிலை ஒரு பாக்கெட் வாங்கி வந்துவிடுங்கள். நம்மூர் டஸ்ட் டீ இதற்கு ஒத்துவராது, கசந்துவிடும். இலையைக் குளிர்ந்த நீரில் ஒரு தடவை அலசி, தண்ணீர் இல்லாமல் மேல் பாத்திரத்தில் போடுங்கள். கீழே தண்ணீர் கொதிக்கும்போது, அந்த ஆவிச் சூட்டிலேயே இலை இளகி மணக்கத் தொடங்கும்.

3. ஊறவிடுதல். எல்லாமே இந்த இடத்தில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். கொதித்த தண்ணீரில் இரண்டு டம்ளர் அளவு இலைமேல் ஊற்றுங்கள். கீழே குறைந்ததை நிரப்பி, மேல் பாத்திரத்தைத் திரும்ப ஏற்றி, தீயைக் குறையுங்கள். 15 நிமிடம். மேலே உள்ளது ஒருபோதும் கொதிக்கக் கூடாது. நாம் டீயைக் கொதிக்கவிட்டே பழகியவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மிதந்த இலை அடியில் படிந்தால் ஊறிவிட்டது. அரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், அப்புறம் ருசி போய்விடும்.

4. கலப்பது. இடை சிறுத்த கண்ணாடி டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு டிகாக்‌ஷன், மீதி கீழ்க் கெட்டிலின் வெந்நீர். பால் கிடையாது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: தெளிந்த சிவப்பாக இருக்க வேண்டும். அந்த நிறத்தை 'முயல் ரத்தம்' என்கிறார்கள்.

டீயின் கடுப்பு டம்ளரில்தான் முடிவாகிறது என்பதால், ஒரே கெட்டிலில் பாட்டிக்கு ஒரு மாதிரி, பேரனுக்கு ஒரு மாதிரி ஊற்றலாம். எனக்கு இந்த முறை பிடித்துப்போனதே இதனால்தான்.

கடையில் லைட்டாக வேண்டுமென்றால் 'அச்சிக்', ஸ்ட்ராங்காக என்றால் 'தெம்லி'. இந்த இரண்டு சொல் போதும். தட்டில் சர்க்கரைக் கட்டி வரும். கிழக்குத் துருக்கியில், எர்சுரும் பக்கம் அதை டீயில் போடாமல் வாயில் அடக்கிக்கொண்டு உறிஞ்சுவார்கள். பக்கத்திலேயே எள் ஒட்டிய வளைய ரொட்டி, 'சிமித்', விற்பார்கள். சூடாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டம்ளருக்குக் காது இருக்காது, விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள்.

வீட்டுக்கு அழைத்தவர்கள், டம்ளர் காலியானதும் கேட்காமலே நிரப்புவார்கள். போதும் என்றால் ஸ்பூனை டம்ளரின் வாய்மேல் குறுக்கே வையுங்கள், புரிந்துகொள்வார்கள்.